கேளாத துட்டி

மார்ச் 2, ஞாயிறு

பெருமாள் அண்ணனின் பெயிண்ட் கடை மாடியில் இன்றும் பாட்டைவிட வடைதான் அதிகம். டேனியல் சார் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு வடையை எடுத்தார், அதோடு பயிற்சி முடிந்தது. இப்படித்தான் ஏழு வருஷமாக நடக்கிறது. ‘ஞாயிறு வில்’ என்று எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவுக்கு நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். நான் வலத்தே உட்கார்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையைப் பாடுவேன். புஷ்பம் அக்கா இடத்தே உட்கார்ந்து ‘ஆமா’ போட்டு, நான் விட்ட அடியை வாங்கித் திருப்பிப் பாடுவாள். குடம் பெருமாள் அண்ணன். தாளமும் கதை எழுதுவதும் டேனியல் சார். அக்காவுக்குத் தபாலாபீஸ், சாருக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வீட்டிலேயே தையல். கொசு ஒழிப்பு, சாலை விதி, முதியோர் இல்லத்துப் பொங்கல் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். காசு வாங்குவதில்லை. வில்லுக்குப் பூசியிருக்கும் நீலமும் மஞ்சளும்கூட அண்ணன் கடையில் மீந்த எனாமல்தான்.

இன்று கனகசுந்தரி படியேறி வந்தாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களில் அவள் குழுவைத் தெரியாதவர் இல்லை. வயதில் எனக்கு இளையவள். ஆனால் வில்லில் வலத்தே இருப்பவர்தான் அண்ணாவி, ஆகவே கிழவர்களும் அவளை அண்ணாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் கொசுவைத் திட்டிப் பாடியதை வேனில் இருந்தபடியே கேட்டாளாம்.

“அக்கா, எனக்க எடத்த பாடுனவ கல்யாணம் ஆயி துபாய்க்குப் போயிட்டா. நீங்க வாறியளா? கொடைக்குக் கொடை பாட்டுதான் தொழிலு. ஊசி நூலெல்லாம் பெறவு மறந்து போவும்.”

கொசுவைத் திட்டியே ஏழு வருஷம் போய்விட்டது. ஒரு தடவையாவது சாமிக்கு முன்னால் பாட வேண்டும், இவள் தையல்காரி இல்லை, பாட்டுக்காரி என்று ஊர் சொல்ல வேண்டும். இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, “போ டி. கொசு எங்கயும் போவாது. நாங்களும் இங்கதான் இருப்போம்” என்றாள்.

இரு என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

வீட்டில் இவரிடம் சொன்னேன். மினிபஸ் கண்டக்டருக்குச் சில்லறை மாதிரிதான் பேச்சும் வரும். “ராத்திரி சோறு யாரு வைப்பா?” என்றார். தேங்காய் வறுத்து அரைத்துத் தீயல் வைத்தேன், இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

முதல் கொடை முடிந்து வந்து படுத்து எழுந்து எழுதுகிறேன். தொண்டை கட்டிக்கிடக்கிறது. சந்தோஷம் என்று எழுதினால் கண் படும்.

வலத்தே இருந்து பழகியவளுக்கு இடத்தே உட்காருவது மாமியார் வீட்டில் முதல் நாள் மாதிரி. எப்போது வாயைத் திறக்கலாம், எப்போது கூடாது என்றே தெரியவில்லை. கனகம் ஓர் அடியை விடுகிறாள் என்றால் அது தரையில் விழும் முன் நான் எடுக்க வேண்டும். அவள் மூச்சு வாங்குவதற்கு நான் இழுத்துப் பாட வேண்டும். இரண்டு இடத்தில் தவறவிட்டேன். புஷ்பம் அக்கா இதை எப்படிச் செய்கிறாள்? எனக்கு அடி மறந்துபோனால், “ஆமா, அந்த ஆத்தங்கரைக்கு வந்தாளே, பெறவு?” என்று அக்கா சேர்த்துப் போடுவாள். எனக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்துவிடும். சனங்கள் என்னைத்தான் மெச்சும்.

பூசாரி எங்கள் எல்லோருக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார். அதற்கு முன்பே கனகம் என்னை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டம் சொல்லிவிட்டாள்.

“காப்புக் கட்டுன பெறவு துட்டி கேக்கப்பிடாது அக்கா. யாரோ செத்துட்டாவன்னு சேதி வந்து காதுல விழுந்துட்டுன்னா, அந்த நிமிஷமே காப்ப அறுத்துட்டு எறங்கிரணும். தீட்டோட பாடுனா அம்மன் பொறுக்க மாட்டா, கமிட்டிக்காரனும் பொறுக்க மாட்டான்.”

“சொந்தக்காரங்களுக்குத்தானே தீட்டு?”

“எனக்க குழுவுல அப்படி இல்ல. சொந்தமோ சினேகமோ, ஒங்களுக்கு அழுகை வருத சாவு எல்லாம் தீட்டுதான். ஆனா கேக்காத துட்டிக்குத் தீட்டு கெடயாது. அதனால போன எடுக்காதீங்க.”

எல்லா ஊரிலும் துட்டி விசாரிக்கப் போகாவிட்டால்தான் கோபம். இங்கே கேட்டாலே குற்றம். நல்ல சட்டம்தான் என்று சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

பெயிண்ட் கடைக்கு லேட்டாகத்தான் போனேன். மூன்று பேரும் என்னைக் கல்யாணப் பெண் மாதிரி உட்காரவைத்துக் கொடைக் கதை கேட்டார்கள். பெருமாள் அண்ணன், “தங்கச்சி, இனி நம்ம கொசுவெல்லாம் ஒனக்குச் சேருமா?” என்று சீண்டினார். சேரும் சேரும் என்றேன்.

கிளம்பும்போது அக்கா ஒரு காரியம் கேட்டாள். ஏழு வருஷத்தில் அவள் எதையும் கேட்டதில்லை. தபாலாபீஸில் முப்பது வருஷம் பார்த்ததை வைத்துத் தானே ஒரு கதை கட்டியிருக்கிறாளாம். விலாசம் தப்பிய கடிதங்களை வீடுவீடாகக் கொண்டுபோகிற ஒரு பெண்ணின் கதை.

“ஒரே ஒரு தடவ, நான் வலத்த இருக்கேன் மக்கா. நீ எடத்த இருந்து எனக்கு ஆமா போடு. முடியுமா?”

இதற்கு முடியுமா என்று வேறு கேட்க வேண்டுமா! என்றைக்கு வேண்டுமானாலும் என்றேன். டேனியல் சார் நூலகத்தில் பேசி மே மாதம் ஒரு ஞாயிறு வாங்குவதாகச் சொன்னார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது இருட்டிவிட்டது. குரூப்பில் வடை போட்டோ போட்டிருக்கிறார்கள், வடைக்குப் பின்னால் அக்கா சிரிக்கிறாள்.

ஏப்ரல் 9, புதன்

நேற்றுக் கொடையில் ஒரு சங்கடம். எங்கள் உடுக்குக்காரர் இசக்கிமுத்து மதியச் சாப்பாட்டில் போனை எடுத்துவிட்டார். சித்தப்பா போய்விட்டார் என்று சேதி. ‘ஐயோ’ என்று எழுந்தார், அது பந்தி முழுக்கக் கேட்டது. கமிட்டித் தலைவர் வந்து அவர் கைக்காப்பைத் தானே அறுத்து, பின்வழியாக அனுப்பிவிட்டார். உடுக்கு இல்லாமலே மீதிக் கதையை ஓட்டினோம். சனங்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஊரில் அடுத்த வருஷம் வேறு குழுவாம்.

கனகத்துக்கு இசக்கிமுத்து போனதில் கோபமில்லை, போனை எடுத்ததில்தான் கோபம். வேனில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வந்த பிறகு இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன். கை வேலை செய்ய, வாய் இடத்தே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நூலகம் மே 4 என்று உறுதியாகிவிட்டது. அக்கா அரக்குச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள், அதற்கு ரவிக்கை தைக்க வேண்டுமாம்.

“பழைய அளவு இருக்கே, அதுலயே வெட்டுகேன்” என்றேன்.

“வேண்டாம், புதுசா எடு” என்றாள்.

டேப்பைச் சுற்றினேன். மார்பிலும் கையிலும் எல்லாம் குறைகிறது. டேப்பைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று மறுபடி சுற்றினேன்.

“என்னக்கா, கொமரியாட்டும் ஆயிட்டிய! வலத்த உக்காரதுக்கு இப்பவே பட்டினியா?”

“சவத்த விடு. வயசானா வத்தத்தான செய்யும்” என்றாள். அவள் எதற்கெடுத்தாலும் சவத்த விடு என்பாள், நாகர்கோவிலில் அது பேச்சோடு வருகிற வார்த்தை. காப்பி போட்டுக் கொடுத்தேன், பாதி குடித்து வைத்துவிட்டாள். என் காப்பி எப்போதும் தண்ணீர்தான், இவரும் குறை சொல்லுவார்.

எனக்கும் வயதானால் இப்படி மெலிந்தால் நன்றாக இருக்கும்.

மே 1, வியாழன்

கனகம் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கொடை. வேறு குழு ஒப்புக்கொண்டு கடைசியில் கைவிட்டுவிட்டதாம். பெரிய இடம், இதை எடுத்தால் ஆடி முழுக்க நமக்குத்தான் என்றாள். நூலகத்து ஞாயிறும் அதுதான்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? பகலெல்லாம் யோசித்தேன். நூலகம் எங்கும் ஓடிவிடாது. கொடைத் தேதியை அம்மனே நினைத்தாலும் மாற்ற முடியாது. அக்காவுக்குப் போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று தொண்டையைச் செருமினேன், அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கொடையா? போயிட்டு வா. நம்மது வைகாசில வச்சுக்கிடலாம்.”

“கோவமில்லியே அக்கா?”

“எனக்க கதைல வாற லெட்டரெல்லாமே லேட்டாத்தான் போய்ச் சேரும் மக்கா. இன்னும் கொஞ்சம் லேட்டானா என்ன?”

அவள் சிரித்ததால் எனக்கும் நிம்மதி. ரவிக்கைக்குக் கை மட்டும்தான் பாக்கி, வைகாசிக்குள் முடித்துவிடலாம்.

மே 5, திங்கள்

நேற்று நன்றாக அமைந்தது. கனகமே “கொள்ளாம்” என்றாள். அவள் வாயில் அது வருவது லேசில்லை.

குரூப்பில் யாரும் ஒன்றும் போடவில்லை.

மே 12, திங்கள்

நேற்று எனக்கு எந்தக் கொடையும் இல்லை. வழியில் பஜ்ஜி வாங்கிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். மாடி பூட்டியிருந்தது. பெருமாள் அண்ணன் கீழே கல்லாவில் உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“புஷ்பம் ஆஸ்பத்திரியில. போன திங்கக்கிழம சேத்தாச்சு. ஒனக்குச் சொல்லாண்டாம்னு சொல்லிட்டா, தங்கச்சி.”

எனக்கு ஆத்திரம் வந்தது. நான் என்ன யாரோவா? ஏழு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்தவளுக்குச் சொல்லக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? கத்தினேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பஜ்ஜியைக் கடைப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 14, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் மகள் பொன்மலர் வராந்தாவிலேயே என்னை நிறுத்திச் சொன்னாள். வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டதாம். டாக்டர் இனி எப்போது வேண்டுமானாலும் என்றாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர் அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் பார்த்தார்.

உள்ளே அக்கா மஞ்சளாகக் கிடந்தாள். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, “அடுத்த கொடை எங்க?”

“எப்ப தெரியும் அக்கா ஒங்களுக்கு?”

“கார்த்திகையிலயே தெரியும்.”

கார்த்திகை! அப்படியானால் கனகம் மாடி ஏறி வந்த அன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போ டி என்று சொன்னபோது தெரிந்திருந்தது.

“பெறவு என்னத்துக்கு என்ன அனுப்புனிய?” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் போன பெறவு நீ போனா, அழுதுக்கிட்டே போவ. நான் இருக்கச்சில போனா சிரிச்சுக்கிட்டுப் போவல்லா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அடுத்த கொடை எங்கன்னு கேட்டேன்.”

இருபதாம் தேதி, ஆலடிவிளை அம்மன் கோயில் என்றேன். வருஷக் கொடைகளிலேயே அதுதான் பெரியது. அதில் பாடியவர்களை அப்புறம் யாரும் யார் என்று கேட்பதில்லை. அக்காவுக்கும் அது தெரியும், என் கையை அழுத்தினாள். நான் போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

மே 18, ஞாயிறு

காலையில் ஆஸ்பத்திரி. அக்கா தூக்கத்திலேயே இருந்தாள். காதோரம் குனிந்து, புதன்கிழமை வந்துவிடுவேன் அக்கா என்றேன். கேட்டதா தெரியவில்லை. பொன்மலரிடமும் புதன்கிழமை என்று சொன்னேன். இவரிடமும் சொன்னேன். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது, “எத்தன தடவ சொல்லுவ?” என்று இவர் கேட்டார்.

சேலைக்கு இஸ்திரி போட்டேன். தொண்டைக்கு அதிமதுரம், சுக்கு. போன் சார்ஜர்.

மே 19, திங்கள்

ஆலடிவிளை. காப்புக் கட்டியாகிவிட்டது. சாயங்காலம் அம்மனை அழைக்கிற குடியழைப்பில் கனகத்தின் குரல் இரண்டாவது விருத்தத்திலேயே உடைந்தது. இரண்டு மாசமாக ஓய்வில்லாத தொண்டை, எத்தனை சுக்கு போட்டாலும் தாங்காது. எப்படியோ சமாளித்து இறங்கினாள். வெந்நீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு, காற்று மட்டும் வருகிற குரலில் சொன்னாள்.

“நாளைக்கு மதியக் கொடைக்கு நீங்கதான் வலத்த. கமிட்டிட்ட சொல்லிட்டேன். அக்கா, நாளைக்கு ஒங்கள விட்டா எனக்கு ஆளில்ல.”

வலத்தே. ஆலடிவிளையில், அம்மனுக்கு நேர் முன்னால். சந்தோஷம் எது, பயம் எது என்று பிரிக்க முடியவில்லை.

போனை முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டேன். நாளைக்கு நேரம் இருக்காது.

மே 20, செவ்வாய், மதியத்துக்கு முன்

குளித்து வந்து பையைத் திறந்தால் பெருமாள் அண்ணனிடமிருந்து மூன்று தவறிய அழைப்பு. விடிந்தும் விடியாத நேரத்தில். மாடிச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்காக இருக்கும். அப்புறம் அவர் கூப்பிடவில்லை. தேவையில்லாமல் போயிருக்கும்.

குரூப்பில் டேனியல் சார் ஏதோ போட்டு அழித்திருக்கிறார். ஒரு ஒற்றுப் பிழை இருந்தாலும் அழித்துவிட்டுத் திருத்திப் போடுகிறவர். மறுபடி போடவில்லை. வகுப்பு இருந்திருக்கும். மே மாதத்தில் சிறப்பு வகுப்பெல்லாம் வைக்கிறார்கள்.

பிறகு இவர் கூப்பிட்டார். இவர் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தேன்.

“எட்டி, சாப்பிட்டியா?”

பதினைந்து வருஷத்தில் இவர் கேட்காத கேள்வி. சாப்பிட்டேன் என்றேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றார். போன வாரம்தான் மாற்றினேன், அதை அவரிடம் சொல்லவில்லை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்து அடுக்குகிற சத்தம் கேட்டது. ‘பந்தலுக்குக் கம்பு பத்தாது’ என்று யாரோ கத்தினார்கள்.

“பஸ்லயா இருக்கிய?”

“ஆமா, பஸ்லதான்.” அதே மூச்சில் கேட்டார்: “எப்ப எறங்குவ?”

“நாளைக்குக் காலைல.”

“செரி. எறங்குன பெறவு கூப்பிடு” என்றார். இன்னும் ஏதோ சொல்ல மூச்சை இழுத்தார்.

“வில்லுக்குப் பூசை போடுகாவ, நான் வைக்கேன்” என்று வைத்துவிட்டேன். பூசை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் ஆரம்பிக்கப் போகிற நேரம்தான்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது கல்யாண வீடாக இருக்கும். வைகாசி முகூர்த்த மாதம்.

போனில் சார்ஜ் குறைவாக இருந்ததால் அணைத்து, பைக்கு அடியில், துணிகளுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

மே 20, செவ்வாய், மாலை

பாடினேன்.

கதையில் அம்மன் சிறுமியாக இருக்கும்போது அவளுடைய அக்கா தண்ணீருக்குப் போய்த் திரும்பாமல் போகிற இடம் ஒன்று வரும். கனகம் அதைச் சட்டென்று தாண்டிவிடுவாள். நான் தாண்டவில்லை. ஏன் என்று தெரியாது, வாய் அங்கேயே நின்றுவிட்டது. பாட்டில் இல்லாத அடி ஒன்றைப் போட்டேன்:

‘போன அக்கா வரவுமில்லை, பொழுதுஞ் சாயுதம்மா
போயி விசாரிக்க ஆளுமில்லை, கெவுளி கத்துதம்மா.’

எனக்குப் பதிலாக இடத்தே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அதை வாங்கத் தெரியவில்லை. ஆமா என்றுகூட வரவில்லை. எனக்கு நானே மறுபடி பாடினேன், மறுபடியும் பாடினேன். குரல் இரண்டாகப் பிளந்தது. பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். சாமியாடி நேரத்துக்கு முன்பே எழுந்து ஆடிவிட்டார். கமிட்டித் தலைவர் வந்து தோளில் துண்டு போட்டார்.

இறங்கியதும் கனகம் காதருகில் வந்தாள். “அக்கா, அந்த அழுகைய எங்கேருந்து எடுத்திய?”

வேர்வை கண்ணுக்குள் போய்விட்டது என்றேன். உண்மையில் இன்று நல்ல வெயில்.

ராத்திரிப் பாட்டும் நான்தான் என்று முடிவாகிவிட்டது. சுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். புஷ்பம் அக்காவைப் பற்றி இன்று எதுவும் எழுதக் கூடாது.

மே 21, புதன்

காலையில் காப்பை அறுத்தார்கள். வேனில் எல்லோரும் தூங்கினார்கள். நான் தூங்கவில்லை. போனைத் திறக்கவுமில்லை.

வடசேரியில் இறங்கியபோது இவர் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமலே வந்திருந்தார். வேலைநாளில் வேட்டி கட்டியிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். செவ்வாய் விடியற்காலம். சாயங்காலம் எடுத்துவிட்டார்கள்.

நான் அலறினேன். பூக்கடைக்காரி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பொய்யாக அலறவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மதியம் கனகம் கூப்பிட்டாள், அவளுக்கு விஷயம் தெரியாது. ஆடி முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆலடிவிளைப் பேச்சு அதற்குள் நாலு ஊருக்குப் போய்விட்டதாம், கேட்பவர்கள் எல்லாம் என் பேரைச் சொல்லி, சுயம்புகனியே வரட்டும் என்கிறார்களாம். இனி நீங்கதான் அண்ணாவி என்றாள்.

சரி என்று சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

மே 22, வியாழன்

துட்டி வீட்டுக்குப் போனேன். காடாத்து முடிந்து சாம்பலையும் கரைத்துவிட்டார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் பெருமாள் அண்ணன், டேனியல் சார், பொன்மலர் மூன்று பேரும் தரையில் இருந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன், திட்டினால் தாங்கிக்கொள்ள மனதைத் தயார் செய்திருந்தேன். பொன்மலர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“மன்னிச்சிருங்க சித்தி. நாங்கதான் ஒங்களுக்குச் சொல்லல்ல.”

பெருமாள் அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “உயிரு போனதும் மூணு தடவ அடிச்சேன் தங்கச்சி, ஒனக்குச் சொல்லாம எப்படி? பொன்மலர்தான் போனப் பிடுங்கிட்டா. ஒனக்க மாப்பிள்ள திரவியமும் ஒங்கிட்டப் பேசிட்டு, சொல்ல முடியலன்னு வந்து அழுதாரு.”

“நானும் அவசரப்பட்டு குரூப்ல போட்டுட்டேன். ஒடனே அழிச்சேன். நீ பாக்கல்லியே?” என்றார் டேனியல் சார்.

“இல்ல சார்.”

“கர்த்தர் காத்தாரு” என்றார்.

பொன்மலர் என் கையை விடவில்லை. “அம்மாக்குத் திங்கக்கிழம சாயங்காலம் நல்ல நெனவு வந்துட்டு சித்தி. நீங்க எங்கன்னு கேட்டாவ. ஆலடிவிளையில காப்புக் கட்டியாச்சுன்னு சொன்னேன். அப்பச் சொன்னாவ, நான் போயிட்டா அவளுக்கு யாரும் சொல்லிராதிய. காதுல விழுந்துட்டுன்னா அவ எல்லாத்தயும் அப்படியே போட்டுட்டு எறங்கி வந்திருவா. அவளுக்குக் கிட்டுனது கெட்டுப் போவும். அப்படீன்னு ரெண்டு தடவ சொன்னாவ. அதுக்குப் பெறவு பேசல்ல.”

வெளியே கம்புகளை வண்டியில் போடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன், கை பொன்மலரிடம் இருந்தது.

“அவளுக்கு ஒன்ன நல்லாத் தெரியும்” என்றார் பெருமாள் அண்ணன். “ஒரு வார்த்த காதுல விழுந்திருந்தா நீ எறங்கியிருப்பல்லா?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“அந்த நிமிஷமே எறங்கியிருப்பேன் அண்ணே” என்றேன்.

மூன்று பேரும் அதை நம்பினார்கள்.